பக்கத்து வீட்டுக்காரரின் முதல் வைன்

என் வாயை நினைத்தால் எனக்கே எரிச்சல் வருகிறது.

டென்மார்க்கின் கோல்டிங் நகரில் எங்கள் பக்கத்து வீட்டு டேனிஷ்காரர், கடற்கரைத் தோட்டத்தில் தானே வளர்த்த திராட்சையில் செய்த முதல் வெள்ளை வைன் என்று ஒரு போத்தல் தந்தார். நானோ விஸ்கிக்காரன். எங்கள் ஆட்களின் வழக்கப்படி, அதைத் திறக்காமலே ஒரு பிறந்தநாள் விருந்தில் பரிசாகக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த வாரம் வேலியடியில், எப்படி இருந்தது என்று ஆவலோடு கேட்டார். திராட்சைதானே என்று நினைத்து, "நல்ல இனிப்பு" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது.

"இந்தக் குளிரில் திராட்சை அவ்வளவு இனிக்காது. என் வைன் புளிப்பு," என்றார்.

"தெரியாட்டி வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமேயப்பா!" என்று வீட்டில் இதைக் கேட்ட மனைவி ஏசினாள்.

மறுநாள் அவர் இன்னொரு போத்தலை எங்கள் வாசலில் வைத்திருந்தார். அதை யாருக்கும் கொடுக்கவும் முடியவில்லை, திறக்கவும் மனம் வரவில்லை. அவரும் ஏசியிருந்தால் இப்படிச் சுட்டிருக்காது.