தாருக்கு அடியில் இருந்தவர்கள்

வெண்டல் ஹட்டோ எங்கள் ஆலய வாசலில் நாற்பது வருடம் நின்று, வருகிறவர்களுக்குப் பாட்டுப் புத்தகம் கொடுத்தவர். பிழைப்புக்கு புல்டோசர் ஓட்டினார். தென் கரோலினாவின் எங்கள் பக்கத்துச் சாலைகளில் பாதி, அவர் மண் நிரவியதுதான். பேச்சு குறைவு. மனைவி ஜோலீன் போன பிறகு அதுவும் வற்றிவிட்டது. ஆலயத்தின் பின்னால் வண்டிகள் நிறுத்தப் பெரிய தார்த்தரை இருந்தும், அவர் மட்டும் தீவனக் கடையோரம் நிறுத்திவிட்டு மழையிலும் நடந்தே வருவார். கேட்டால், "காலுக்கு நடை வேணும்ல" என்பார். நம்பினோம்.

எங்கள் ஆலயம் அடிமைக் காலத்தில் கட்டியது. எஜமான்கள் கீழே, கறுப்பின அடிமைகள் மேல்மாடத்தில். விடுதலை வந்ததும் மாடத்திலிருந்தவர்கள் இறங்கிப் போய், ஓடைக்கு அந்தப் பக்கம் நேபோ மலைச் சபையைத் தொடங்கினார்கள். அரை மைல் தூரத்தில் ஒரே பாட்டுகளைப் பாடிக்கொண்டு, நூற்றைம்பது வருடம் ஒரு வேளை கூடச் சேர்ந்து சாப்பிட்டதில்லை. எங்கள் போதகர் கார்லா அம்மா வந்த பிறகுதான் அது மாறியது. மாதத்தின் முதல் வியாழன் மாலை இரண்டு சபையும் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து பழைய ஞானஸ்நான, மரணப் பதிவேட்டை வாசித்தோம். "டைனா, பெல் துரையின் உடைமை." "கேட்டோ, அதே துரையின் உடைமை." வாசித்து முடித்தால் தக்காளிச் சோறும் வறுத்த கோழியும்.

நேபோ சபையின் அர்லீத்தா காட்ஸ்டன், ஓய்வு பெற்ற நர்ஸ், ஒவ்வொரு மாதமும் ஒரே கேள்வி கேட்பார்.

"செத்தாங்கன்னு எழுதியிருக்கீங்க. எங்க புதைச்சீங்க?"

அர்லீத்தா வீட்டுப் பெரியவர்கள் ஆலயத்துக்குப் பின்னால் என்று சொல்லி வந்தார்கள். சபை நிர்வாகத்திலிருந்த எங்கள் மூப்பர் டுவைட் ஒரே பதில் வைத்திருந்தார். மூன்றாவது வருட அக்டோபரிலும் அதையே சொன்னார்: "ஆதாரம் இல்லாம தரையத் தோண்ட முடியுமாங்க?"

நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த வெண்டல் நின்றார்.

"தோண்டிப் பாக்க வேணாம், டுவைட். நான் தோண்டியிருக்கேன்."

நின்றபடியே சொன்னார். அறுபத்தொன்றாம் வருடம், அவருக்குப் பத்தொன்பது வயது. வண்டி நிறுத்த இடம் வேண்டும் என்று அன்றைய மூப்பர்கள் சொல்ல, சாலை ஒப்பந்தக்காரர் இவரை அனுப்பினார். புல்டோசரின் தகடு மண்ணில் இறங்கியதும் சங்குகள் வந்தன, தட்டுகள், விளக்குக் கண்ணாடி. நேபோ சபையார் இன்றும் கல்லறை மேல் வைக்கிற பொருள்கள்தான்.

"எஞ்சினை நிறுத்தினேன். 'ஒடஞ்ச பாத்திரம்டா, ஓட்டு'ன்னாரு ஒப்பந்தக்காரரு. ஓட்டினேன். எல்லாத்தையும் ஓடைக் கரையில தள்ளினேன்."

"சவப்பெட்டி மரம் வந்துச்சா?" என்றார் அர்லீத்தா.

"ரெண்டு எடத்துல. மண்ணப் போட்டு மூடிட்டேங்க."

அர்லீத்தாவின் குரல் உயரவில்லை. "மூணு வருஷமா எனக்கு எதிர்ல உக்காந்து நான் செஞ்ச சோத்தச் சாப்ட்டீங்களே, மிஸ்டர் ஹட்டோ. அப்பல்லாம் வாய்க்கு என்ன வந்துச்சு?"

"பயம், மிஸ் அர்லீத்தா."

"யாருக்குப் பயந்தீங்க? செத்தவங்களுக்கா?"

"இல்லீங்க. இவங்களுக்கு." எங்களைத்தான் காட்டினார்.

யாரோ விசும்பினார்கள். அர்லீத்தா திரும்பினார். "நான் இப்ப மன்னிச்சேன்னு சொல்லணும்னு எல்லாரும் என் மூஞ்சியப் பாக்குறீங்க. பாக்காதீங்க. மொதல்ல எடத்தக் காட்டச் சொல்லுங்க."

சனிக்கிழமை காலை காட்டினார். ஐம்பத்தெட்டு வருடத்துக்குப் பிறகு அந்த இடத்தில் கால் வைத்தார். வெள்ளைப் பெயின்ட்டால் கோடு போட்டார். நினைவு தடுமாறிய இடத்தில், "இங்க நிச்சயமாத் தெரியல" என்று ஒதுங்கினார். அர்லீத்தா நோட்டுடன் பக்கத்தில் நடந்தார். தரைக்குள் பார்க்கிற கருவியோடு பல்கலைக்கழகத்தார் வந்தார்கள். எழுபத்தொரு புதைகுழிகள் தெரிந்தன. அதில் ஏழு, எங்கள் ஞாயிறு பள்ளிக் கட்டடத்தின் சுவருக்கு அடியில்.

தாரைப் பெயர்ப்பது பிடிக்காமல் ஒன்பது குடும்பங்கள் எங்கள் சபையை விட்டுப் போயின. டுவைட் போவார் என்றுதான் நினைத்தோம். போகவில்லை, தாரைப் பெயர்க்க ஓட்டெடுப்பில் முதலில் கை தூக்கியதே அவர்தான்.

இயந்திரத்தை நானே ஓட்டுகிறேன் என்று வெண்டல் கேட்டார்.

"வேணாம். உங்க கை ஒரு தடவ பட்டதே போதும்," என்றார் அர்லீத்தா.

வெண்டல் தலையசைத்தார். தாரை நேபோ சபைக்காரர் ஒருவர் பெயர்த்தார். வெண்டல் ஓடைக் கரைக்குப் போய், சிறு கொத்துக்கரண்டியால் மண்ணைக் கிளறத் தொடங்கினார். எழுபத்தேழு வயது. தினமும் போனார். சங்குத் துண்டுகள், பீங்கான் சில்லுகள், பெயர் வெட்டாத கல்லறைக் கற்கள். மூன்றாவது வாரம் அர்லீத்தா கையுறை போட்டுக்கொண்டு வந்து, பத்தடி தள்ளி உட்கார்ந்து தானும் கிளறினார்.

ஒருநாள் கேட்டார். "முழுசா ஏதாவது வந்துச்சா, அன்னிக்கி?"

"ஒரு கோப்பை. நீலப் பூப் போட்டது. கீறல்கூட இல்ல."

"என்ன பண்ணீங்க?"

வெண்டல் கரண்டியைக் கீழே வைத்தார். "எறங்கி எடுத்திருக்கலாம். எடுக்கல. அதும்மேலயே வண்டிய ஏத்தினேன்."

"சரி," என்றார் அர்லீத்தா. "பொய் சொல்லல." அடுத்த நாள் இரண்டு பேருக்கும் காபி கொண்டுவந்தார்.

மே மாதம் இரண்டு சபையும் அந்த மண்ணில் நின்று பதிவேட்டின் பெயர்களை வாசித்தோம். துரைகளின் பெயரை விட்டுவிட்டு அவரவர் பெயரை மட்டும். வெண்டல் பின்வரிசையில் தொப்பியைக் கழற்றி நின்றார்.

அடுத்த குளிர்காலம் நுரையீரல் சளி அவரைக் கொண்டுபோனது. அடக்கத்துக்கு அர்லீத்தா வந்து, குடும்பத்தார் வரிசைக்கு அடுத்த பெஞ்சில் உட்கார்ந்தார். சாப்பாட்டின்போது எங்கள் சபைப் பெண் ஒருத்தி கேட்டே விட்டாள்: "மன்னிச்சிட்டீங்களா, மிஸ் அர்லீத்தா?"

"அது எனக்கும் அவருக்கும் நடுவுலம்மா. நீ அந்த ஞாயிறு பள்ளிச் சுவரப் பத்திச் சொல்லு. எப்ப இடிக்கிறீங்க?"

சுவர் இன்னும் நிற்கிறது. வரும் மாதம் ஓட்டெடுப்பு.