ரோமில் ஒரு நாள், பதினோரு இடங்கள்

பாரிஸ் மாமா அம்மாவையும் என்னையும் கப்பல் சுற்றுலாவுக்கு அழைத்த அன்றே, எங்கள் காரைக்காலில் கோட்டுச்சேரி பஸ்ஸில் நின்றபடி அந்த யோசனை வந்தது: கப்பல் நிற்கும் ஒரே நாளில் ரோம் முழுவதையும் பார்த்துவிட வேண்டும். கைபேசியில் பதினோரு இடங்களைக் குறித்தேன். அம்மா கேட்டது வத்திக்கானின் இராயப்பர், அதாவது புனித பேதுரு, பேராலயம் மட்டும். தெருக்காரர்கள் எழுதிக் கொடுத்த வேண்டுதல் சீட்டுகளை அங்கே வைக்க வேண்டும். கோவில்தானே, போனதும் நுழைந்துவிடலாம் என்று காரைக்கால் கணக்கில் அதைக் கடைசியில் போட்டேன்.

மூன்று மணிக்குப் போனால், சதுக்கத்தையே சுற்றி நின்றது பாதுகாப்புச் சோதனை வரிசை. ஆறு மணிக்குள் கப்பலில் ஏற வேண்டும். துறைமுகத்துக்கு ரயிலிலேயே ஒரு மணி நேரத்துக்கு மேல். முக்கால் மணி நேரமாகியும் பாதி வரிசைகூட நகரவில்லை. நிற்கவும் முடியவில்லை, போகவும் மனமில்லை.

"காலைலேருந்து இடிஞ்ச சுவரா காட்டுனியேடி" என்றார் அம்மா. பிறகு, "சரி வா, கப்பல வுட்டுட்டு நீந்தியா போறது?" என்று, வாசலைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு நடந்தார்.

சீட்டுகள் இன்னும் அவருடைய ஜெபப் புத்தகத்தில் இருக்கின்றன. இப்போதெல்லாம் உடன் வருபவர் கேட்கும் இடத்தைத்தான் முதலில் எழுதுகிறேன். அடுத்து, அம்மாவும் நானும் மும்பையிலிருந்து கோவாவுக்குக் கப்பலில் போகப்போகிறோம். பட்டியலில் இருப்பது பழைய கோவாவின் சவேரியார் கோவில் மட்டும், காலை முதல் வேலையாக.