ஒரு கல்லாவது கடல் தாண்டட்டும்

இணையக் கடையை ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்கு மாற்றுவது வாடகை வீடு மாறுகிற மாதிரிதான். ஒரே வித்தியாசம், எந்தச் சாமான் தொலைந்தது என்பதை நமக்கு முன்னால் வாடிக்கையாளர் கண்டுபிடித்துவிடுவார். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட சக பாவிகளுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்காக நாலு வரி.

நான் கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் லாரி எடைமேடையில் இரவு வேலை. லாரி ஏறும், எடையை எழுதுவேன், லாரி இறங்கும். சும்மா உட்கார்ந்தால் மனசு கண்டதையும் கிளறும் என்பதால், அடுத்த லாரி வரும்வரை செல்போனில் பார்த்துப் பார்த்து வலைத்தளம் கட்டக் கற்றுக்கொண்டேன். அந்த அரைகுறை வித்தையை நம்பி, இரும்பில் தோசைக்கல்லும் பணியாரக்கல்லும் வார்க்கிற பாஸ்கர் தன் கடையை என்னிடம் ஒப்படைத்தார். பழைய தளத்தில் வெளிநாட்டுக்கு விற்க வழியில்லை. புதியதற்கு மாறினோம். மாறிய வேகத்தில் பழைய இணைப்புகள் எல்லாம் செத்துப்போய், இருந்த உள்ளூர் ஆர்டரும் படுத்துவிட்டது. பாஸ்கர் கெடு வைத்தார். "பொங்கலுக்குள்ள ஒரு கல்லாவது கடல் தாண்டணும் நைனா. இல்லாங்காட்டி ஆன்லைன் கடைய மூடிடலாம். ஸ்டெல்லாக்காவும் வேற வேல பாத்துக்கட்டும்."

ஸ்டெல்லா அக்கா ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் வந்து எங்களுக்கு டப்பா கட்டுகிறவர். அவர் வீட்டில் சம்பளம் வாங்குகிற கை அது ஒன்றுதான்.

எடையே இல்லாத இரும்பு

நாடுகளுக்கு டிக் போடும் பக்கம் வந்ததும் எனக்கு ஒரு ராஜா தோரணை வந்துவிட்டது. இருபத்தேழு நாடுகளைத் திறந்துவிட்டேன். மறுநாளே ஆஸ்திரேலியாவிலிருந்து ஆர்டர்: தோசைக்கல் ஆறு. பாஸ்கர் எல்லாருக்கும் டீ சொன்னார். டீ வருவதற்குள் பார்த்துவிட்டேன், அனுப்பும் செலவு என்ற இடத்தில் சைபர். பழைய கடையிலிருந்து படம் வந்திருந்தது, விலை வந்திருந்தது, எடை மட்டும் வரவில்லை. எடையில்லாத பொருளுக்கு என்ன கட்டணம் என்று தளம் தன் போக்கில் இலவசமாக்கிவிட்டது.

ஆர்டர் போட்ட ஆளைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். நல்ல மனுஷன். "ஆறு இரும்புக்கல்லு ஓசியில பறந்து வராதுன்னு தெரியும்ணா, சும்மா அமுக்கிப் பாத்தேன்" என்றார். ஆர்டரை ரத்து செய்தோம். பாஸ்கர் ஆறிப்போன டீயையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ராத்திரி பூரா லாரிய எட போட்டுக்கினு கீற. ஒரு தோசக்கல்ல எட போட உனுக்கு இன்னா பேஜாரு?"

பின்கோடு இல்லாத ஊர்

அடுத்தது துபாய். கவரப்பேட்டைக்காரர் ஒருவர், அங்கே வெல்டர். எங்கள் படிவம் பின்கோடு கேட்கிறது. அவர் இருக்கும் இடத்துக்குப் பின்கோடே கிடையாது. கட்டத்தை நிரப்பாமல் தளம் அசையாது. அதை நீக்க எனக்கு அப்போது தெரியாது. "எதையாவது போடுங்க தம்பி" என்று சொல்லிவிட்டேன். மனுஷனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த பின்கோடு ஒன்றுதான், சொந்த ஊருடையது. அதைப் போட்டார்.

பார்சல் கம்பெனியின் மெஷின் நாட்டைப் பார்க்கவில்லை, பின்கோடைப் பார்த்தது. டெலிவரி ஆளும் பேரை விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். எங்கள் முதல் வெளிநாட்டுப் பார்சல் அடுத்த ஸ்டேஷனிலேயே இறங்கிய கதை எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. டப்பாவில் இருந்த நம்பருக்கு அவருடைய அம்மா போன் செய்தார்: "எம்புள்ள துபாய்லேர்ந்து தோசக்கல்லு அனுப்பிச்சிக்கீறான். டப்பா மேல கும்மிடிப்பூண்டின்னு போட்டுக்கீது. இன்னா நைனா, அங்கயும் ஒரு கும்மிடிப்பூண்டி கீதா?"

கண்ணாடி அடுப்பு

பொங்கலுக்கு மூன்று வாரம் இருந்தபோது நார்வேயிலிருந்து சுகந்தி என்பவர் செய்தி அனுப்பினார். யாழ்ப்பாணத்துக்காரர். பணியாரக்கல் வேண்டும், ஆனால் அவர் வீட்டு அடுப்பின் மேல்பக்கம் வழவழவென்ற கண்ணாடி. கல் ஆடுமா என்று சந்தேகம். ஆடாது என்று எழுதினால் நம்புவாரா? வீடியோ எடுத்து அனுப்புவதாகச் சொன்னேன்.

எங்களிடம் இருந்த ஒரே கண்ணாடி பாஸ்கரின் மேஜை மேல் இருந்தது. முதல் கல்லை நான்தான் வைத்தேன், கொஞ்சம் வேகமாக. இரண்டாவதை ஸ்டெல்லா அக்கா பூப்போல வைத்து, விளிம்பைச் சுற்றி ஒவ்வொரு இடமாக விரலால் அழுத்திக் காட்டினார். கல் அசையவில்லை. வீடியோவை அனுப்பி, பதிலுக்காகக் காத்திருந்தேன். சுகந்தியின் குரல் வந்தது: "கல்லு ஆடேல்லை, சந்தோசம் தம்பி. ஆனா அந்த மேசைக் கண்ணாடி ஏன் வெடிச்சுக் கிடக்கு?"

ஒரு பிடி அரிசி

ஆனாலும் வாங்கினார். எடை சரி, முகவரி சரி, நாடு நாடாகவே இருந்தது. பார்சல் கிளம்பி இரண்டாம் நாள், சென்னைச் சரக்குக் கிடங்கிலிருந்து போன். இரும்புப் பாத்திரம் என்று எழுதிவிட்டு உள்ளே தானியம் வைத்திருக்கிறீர்கள், நேரில் வந்து எடுங்கள், இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவோம் என்றார்கள். பொங்கலுக்குப் பன்னிரண்டு நாள்.

தானியமா? வேறு யாருடைய டப்பாவோ என்று சாதித்தேன். படம் அனுப்பினார்கள். எங்கள் பணியாரக்கல், குழிக்குழியாக அரிசி. அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பழைய தளத்தில் பாராட்டு எழுதினவர்களில் நாலைந்து பேர் 'அரிசிக்கு நன்றி' என்று எழுதியிருந்தார்கள். கடை தெரியாமல் மாற்றி எழுதிவிட்டார்கள் என்று நினைத்து, மாறும்போது அந்தக் குறிப்புகளை நானே விட்டுவிட்டேன். அக்கா பகலில் டப்பா கட்டுகிறவர், நான் பொழுது சாய்ந்து வருகிறவன். மூடின டப்பாவைத்தான் பார்த்திருக்கிறேன். இத்தனை காலம் போன ஒவ்வொரு பாத்திரத்திலும் அவர் வீட்டு அரிசி ஒரு பிடி போயிருக்கிறது. பாஸ்கர் கத்தின கத்தலுக்கு அக்கா அசரவில்லை. "வெறும் பாத்திரத்த ஒருத்தங்க கைல தூக்கிக் குடுப்பாங்களா? உன் ஊட்ல குடுப்பியா நீ?"

கூடாதவை பட்டியல்

மறுநாள் காலை நானும் அக்காவும் ரயில் பிடித்துக் கிடங்குக்குப் போனோம். இறங்கும்போது அக்கா, "என்னாலதான் கட மூடிடுமா தம்பி?" என்று கேட்டார். ஸ்டேஷனில் கூட்டம் அதிகம் என்று ஏதோ சொன்னேன்.

கவுண்டரில் இருந்தவர் செவ்வாப்பேட்டைக்காரர், பொறுமைசாலி. டப்பாவைப் பிரித்துக் கொடுத்தார். கல்லுக்கு எண்ணெய் தடவிப் பழக்கியிருந்ததால் அரிசி குழிகளில் ஒட்டிக்கொண்டிருந்தது. அக்கா ஒவ்வொன்றாக நகத்தால் எடுத்து முந்தானையில் முடிந்தார். எல்லாம் எடுத்த பிறகும் டப்பாவை மூடக் கை வரவில்லை. துளி மஞ்சள் வைக்கட்டுமா என்றார். கூடாது. கல்லுப்பு? கூடாது. ஒரு பூ? செடி கொடி எதுவும் கூடாது. ஒரு ரூபாய்க் காசு? "அய்யய்யோ, அது சுத்தமா கூடாது யக்கா!" பின்னால் வரிசை நீண்டது. கவுண்டர்காரரே இரங்கி வந்து, குழிக்குள் அடைக்கிற காகிதத்தைக் காட்டி, "காலியா எங்க யக்கா போவுது, அதான் உள்ள பேப்பர் கீதே" என்றார். அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "பேப்பர வச்சிக்கினு இன்னா சார் பொங்குவாங்க?"

நார்வேயில் ஒரு அடுப்பங்கரை

டப்பாவை நான்தான் மூடினேன். தாமதத்துக்குக் காரணம் கேட்ட சுகந்திக்கு நடந்ததை அப்படியே எழுதினேன். பொய் சொல்ல அன்றைக்குத் தெம்பில்லை. அவரிடமிருந்து பதில் இல்லை. ஆர்டரை ரத்து செய்துவிடுவாரோ என்று தினமும் தளத்தைத் திறந்து பார்ப்பேன். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்து என்னைக் கூப்பிட வேண்டியிருந்தது.

போகிக்கு முந்தின நாள் ஒரு படம் வந்தது. கண்ணாடி அடுப்பு, அதன்மேல் எங்கள் பணியாரக்கல், ஆடாமல். கூடவே சுகந்தியின் குரல். அதை அக்காவுக்குப் போட்டுக் காட்டினேன்: "அக்காட்டச் சொல்லுங்கோ தம்பி, பெட்டியைத் திறந்த உடன ஒரு பிடி அரிசி போட்டுட்டுத்தான் கல்லை வெளியில எடுத்தனான்." அக்கா அதை மூன்று தடவை போடச் சொன்னார். பாஸ்கர் எட்டிப் பார்த்து, "வந்து சேந்துச்சா?" என்றார். சேர்ந்தது என்றேன். உடைந்த மேஜைக் கண்ணாடியை ஒருமுறை தடவிவிட்டு, அக்காவைப் பார்க்காமலே சொன்னார்: "யக்கா, பொங்க முடிஞ்சி லேட் பண்ணாம வந்துடு, டப்பா கட்ட வேற ஆளு யாரு கீறாங்க?"

ஆக, சக பாவிகளே, இருபத்தேழு நாடுகளுக்குக் கதவைத் திறந்து வைத்தோம், ஒரு நாட்டிலிருந்து ஒரே ஒரு பெண் உள்ளே வந்தார், ஒருத்தர் வேலை நிலைக்க அது போதுமானதாக இருந்தது.