கமரா பூட்டுகிறவன் யாருடைய ஆள்?

கண்காணிப்புக் கமரா பூட்டுகிற வேலைக்கு ஓர் ஏணியும் ட்ரில் மெஷினும் போதும் என்றுதான் இறங்கினேன். கூடவே ஒரு சமயமும் கொண்டுவர வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. வயரிங், பெயின்ட், ஓடு மாற்றுவது என்று ஊரார் மதில்களில் ஏறி இறங்கும் சகபாடிகளே, உங்களுக்கு இது புரியும்.

தேவாலயங்களில் குண்டு வெடித்த அந்த ஈஸ்டர் ஞாயிற்றுக்குப் பிறகு மட்டக்களப்பில் கோயில், பள்ளிவாசல், தேவாலயம் எல்லாவற்றுக்கும் கமரா வேண்டியதாயிற்று. எனக்கு மூன்றும் வாடிக்கை. ஓர் இடத்தில் 'அவன் அவங்கட ஆள்' என்று பேச்சு கிளம்பினால் மற்ற இரண்டும் கதவைச் சாத்திவிடும். நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் சாப்பிடுவது இந்தத் தொழிலில்தான்.

வெள்ளிக்கிழமைச் சோறு

சித்தாண்டிப் பக்கம் ஒரு கோயில். செயலாளர் என் பெயரைக் கேட்டார். ரவி என்றேன். அப்பா பெயர்? ராசா. அதிலும் என் சமயம் அவருக்குப் பிடிபடவில்லை. ஏணிக்குக் கீழே நின்றபடி, வெள்ளிக்கிழமையில் வீட்டில் மச்சம் மாமிசம் சமைப்பீர்களா என்று கேட்டார். மீனோ மரக்கறியோ, கிடைத்ததைச் சாப்பிடுவேன் என்றேன். மனுசனுக்கு முகம் தெளிந்துவிட்டது.

"அப்ப நீங்க வேதக்காரர்தான், சேர்ச்சுக்குப் போறவர். பிரச்சினை இல்ல, வெளிமதிலுக்கு மட்டும் பூட்டுங்க."

கொஞ்சம் கிறுக்கி வையுங்க

ஒரே சந்தியில் கோயிலும் பள்ளிவாசலும் எதிரெதிரே இருக்கும் இன்னோர் ஊர். கோயில் வாசலைப் பார்க்கும்படி கமராவைப் பூட்டினேன். கோயில் தலைவர் வந்து, "கொஞ்சம் அங்கால கிறுக்கி வையுங்க" என்றார். கிறுக்குவது என்றால் திருப்புவது, அங்கால் என்றால் பள்ளிவாசல் கேற். அடுத்த வாரம் பள்ளிவாசலில் வேலை. அதன் நிர்வாகி ஹாஜியார் கோயில் கமராவை அண்ணாந்து பார்த்துவிட்டு, நம்முடையதையும் கோயில் பக்கம் திருப்பச் சொன்னார். விரும்பிய கடவுளைக் கும்பிடச் சட்டம் இடம் தருகிறது. கும்பிடப் போகிறவனை எதிர்வீட்டுக்காரன் படம் பிடிக்கக் கூடாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. சொன்னபடி திருப்பிவிட்டு வந்தேன்.

பத்து நாள் கழித்து, பாங்கு சொல்லும் மோதினாரிடமிருந்து அழைப்பு வந்தது. பள்ளிவாசல் படியில் கழற்றி வைத்த அவருடைய புதுச் செருப்பைக் காணவில்லை. பதிவை ஓட்டிப் பார்த்தோம். கோயிலுக்கு வந்து போனவர்கள் அத்தனை பேரும் துல்லியமாகத் தெரிந்தார்கள்.

"அவங்கட கமரா நம்மளப் பாக்குது, நம்மட கமரா அவங்களப் பாக்குது. நம்மட வாசல ஆரு தம்பி பாக்கிற?"

உடைந்த விளக்கு

அதே சந்தியில் ஒரு காலை கோயில் வாசல் கல்விளக்கு உடைந்து கிடந்தது. ஒன்பது மணிக்குள் இரண்டு பக்கமும் ஆட்கள் கூடிவிட்டார்கள். கோயில் கமராவில் அந்த இடம் விழவில்லை, அதுதான் பள்ளிவாசலைப் பார்த்துக்கொண்டிருந்ததே. பள்ளிவாசல் பதிவை ஹாஜியார் மறுக்காமல் தந்தார். சனத்துக்கு நடுவில் நின்று மடிக்கணினியைத் திறந்தேன். தொப்பி போட்ட ஒருவன் அதில் தெரிந்தால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது.

தெரிந்தது கோயில் திருப்பணிக்கு மணல் கொண்டுவந்த லொறி. பின்னுக்கு எடுக்கும்போது இடித்துவிட்டுப் போயிருக்கிறது. கூட்டம் கலைந்தது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. தலைவர் மட்டும் போகவில்லை.

"வீடியோ சரிதான் தம்பி. ஆனா நீங்க ஆர்ர ஆள் எண்டுதான் யோசிக்கிறன்."

சொந்த வீட்டில்

எல்லாம் போகட்டும், நான் ஞானஸ்நானம் பெற்ற தேவாலயம் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். போன மாதம் ஆராதனைக்குப் போனால், முகப்பில் ஏணி சாத்தி, முகம் தெரியாத இரண்டு பேர் கமரா பூட்டிக்கொண்டிருக்கிறார்கள். கொழும்பிலிருந்து வரவழைத்திருந்தார்களாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சபைப் பொருளாளர் என் கல்யாணப் பதிவில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர். அவரிடம் நேரே போய், என்ன அண்ணன் இது என்று கேட்டேன். அவர் என் தோளில் கை வைத்தார்.

"உன்னில சந்தேகம் இல்ல ரவி. நீ பள்ளிவாசலுக்கும் கோயிலுக்கும் போய்வாறவன்தானே, அதுதான்."

எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவான ஆளாக இருந்ததில் நான் கண்ட பலன், சந்தேகப்படுகிற விஷயத்திலாவது எவரும் எனக்குப் பாகுபாடு காட்டவில்லை என்பதுதான்.