ஆணியடிக்காத மரச்சட்டங்கள்

தைப்பூசத்தன்று காலை ஆறரை மணி. காய்ந்தும் காயாத வெள்ளைச் சுவர்ச்சாயத்தின் நெடியோடு சாம்பிராணிப் புகை கலந்திருந்தது. ஸ்கூடாயில் எங்கள் வரிசை வீட்டின் "போர்ச்"சில், கார் நிற்கும் முகப்பில், அம்மா வரைந்து கட்டுவித்த ஸ்பானியப் பந்தலுக்கு அப்போது வயது ஒரு வாரம்.

தகரக் கூரையே போதும் என்றிருந்த அப்பாவிடம், எல்லை தாண்டிச் சிங்கப்பூர்த் தொழிற்சாலைக்குப் போய்வரும் பேருந்தில் அமர்ந்தபடி தான் வரைந்ததை அம்மா நீட்டினார்: வெண்சுவரில் ஒரு வளைவு, அதன் பின்னே வானம் தெரியும்படி இடைவெளி விட்டுக் கிடத்திய மரச்சட்டங்கள், அவற்றின்மேல் படரக் காகிதப்பூக் கொடி. கட்டட வேலை எடுத்த குத்தகையாளர் சட்டங்களுக்கு ஆணியடிக்க வந்தபோது, "வேணாங்க, வருஷா வருஷம் எறக்கி எண்ணெ பூசணும். செவுத்துல வெட்டுன பள்ளத்துல உக்கார வச்சா போதும்" என்று அம்மா தடுத்துவிட்டார். வளைவின் உயரத்துக்கு எங்கள் காரை அளந்தார்கள். அப்பாவின் காவடியை யாரும் அளக்கவில்லை.

சிறுமியாக இருந்த நான் மயிற்பீலி எடுத்துக் கொடுக்க, முந்தைய நாள் அப்பா காவடியைப் பந்தலுக்குள்ளேயே கட்டி முடித்திருந்தார், பூசையும் போட்டாயிற்று. கோயிலுக்கு ஏற்றிச்செல்ல லாரி வந்து நின்றபோதுதான், வெளியேற ஒரே வழியான வளைவைவிடக் காவடி ஒரு முழம் உயரம் என்பது தெரிந்தது. பூசை போட்ட காவடியைப் பிரிப்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. சாய்த்தால் பீலி ஒடியும்.

"அலமாக்! முருகனையே உள்ள வச்சுப் பூட்டிட்டியேடா தம்பி!" என்று சிரித்த பெரியப்பா, சம்மட்டியைத் தேடிக்கொண்டு வந்தார். "வளைவ ஒடைச்சிரலாம் லா. ஸ்பெயின்காரன் கோவிச்சுக்க மாட்டான்."

அப்பா வளைவைப் பார்த்தார், காவடியைப் பார்த்தார். அம்மா மேலே பார்த்தார்.

"சம்மட்டிய வச்சிட்டு ஏணியக் கொண்டாங்க மாமா. மேல தொறந்துதான கெடக்கு!"

சட்டங்கள் ஒவ்வொன்றாய் இறங்கின. லாரியின்மேல் நின்றவர்கள் கைநீட்டி வாங்கிக்கொள்ள, வளைவின் தலைக்கு மேலே, வெளுத்துவந்த வானத்தினூடே காவடி வெளியேறியது. முதலில் "வேல் வேல்" என்றவர் பெரியப்பாதான். அம்மா சுவரைத் தடவிப் பார்த்தார். ஒரு கீறலும் இல்லை. அந்நியரிடம் வாய் திறக்காத நான், லாரி ஓட்டுநர் கேட்காமலேயே அவரிடம், "எங்கம்மா வரைஞ்சது" என்றேன்.

பெரியப்பா இன்றில்லை. முழங்கால் இடங்கொடாததால் அப்பா காவடி எடுப்பதும் நின்றுவிட்டது. சட்டங்களைக் கரையான் தின்றுவிட்டது. நேற்று மாலை வந்த புதிய குத்தகையாளர், இரும்புச் சட்டங்களை ஒரேயடியாகப் பற்றவைத்துவிடலாம் என்றார். அம்மா என்னிடம் திரும்பி, "இந்தத் தடவ நீ வரைஞ்சு குடு" என்றார்.

இலக்கியம் படிப்பவளுக்கு அளவுகோல் பிடிப்பது எளிதாக இல்லை. ஆயினும் இன்று காலை வரைந்து முடித்தேன். அதே வளைவு, அதே உயரம். மேலே மரச்சட்டங்கள், எதிலும் ஆணி இல்லை.