பிரஷ்ஷுக்கு ஒரு டம்ளர்

யுத்தத்தால் பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடும் பஸ்ஸை இன்றைக்குப் பிடித்து இராஜபாளையம் போனேன். ஒரு மில் முதலாளி வீட்டில் பாத்திர அலமாரிக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை.

மத்தியானத்துக்குள் முதல் கோட்டு முடிந்தது. எண்ணெய்ப் பெயிண்ட், காய ஒரு நாள் ஆகும். அதுவரை பிரஷ் காற்றுப் படாமல் தண்ணீரில் நிற்க வேண்டும். இல்லையென்றால் விறைத்துக் கட்டையாகிவிடும்.

வீட்டம்மாவிடம், "பழைய தகர டப்பா இருந்தா குடுங்கம்மா" என்றேன்.

"டப்பா துரு ஏறிக் கெடக்குப்பா. அவிய மதுரையில இருந்து வாங்கியாந்த பிரஷ்ஷு, அம்புட்டு வெலை" என்று சொல்லி, எனாமல் டம்ளர் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

மயிர் அடியில் பட்டு வளையாதபடி, பிரஷ்ஷை ஒரு குறுக்குக் குச்சியில் கட்டித் தொங்கவிட்டேன்.

பொறவு, "எனக்கும் குடிக்கக் கொஞ்சம் தண்ணி வேணும்மா" என்றேன்.

நான் எந்தத் தெரு என்று காலையிலேயே விசாரித்திருந்தார்.

"வாசலுக்கு வந்து கையை ஏந்து" என்றார்.

எட்ட நின்று, செம்பை உயரத் தூக்கி ஊற்றினார். கையெல்லாம் மண்ணெண்ணெய் வாடை. பாதி குடித்தேன், பாதி சட்டையில் வழிந்தது.

அந்த அலமாரியில் என் கை படாத இடம் கிடையாது. காய்ந்ததும் அந்தச் செம்பு அதில்தான் ஏறப்போகிறது. சொல்ல வாய் வரைக்கும் வந்தது. இரண்டாவது கோட்டு பாக்கியிருக்கிறதே என்று அடக்கிக்கொண்டேன்.

நம் தெரு வாசகசாலைப் பலகையில் இதை ஒட்டுகிறேன். வேலைக்குப் போன வீட்டில் டம்ளரில் தண்ணீர் கிடைத்தவர்கள் கீழே பேர் எழுதுங்கள்.

முதல் பேரை நானே எழுதிவிட்டேன்: பிரஷ்.