வடக்கே நகர்ந்த எல்லை

மெலானியா கென்சோவின் சிரிப்பு நான்கு அறை தள்ளிக் கேட்கும். நில அலுவலகத்தில் வரைபடம் பார்க்கிற வேலை. கோபம் வந்தால் மட்டும் பேச்சை நிறுத்திவிட்டு வறுத்த சோளம் கொறிப்பாள். எங்கள் ஆண்டிஸ் மலைப் பக்கம் இப்படியொருத்தியை நான் பார்த்ததில்லை.

போன வருடம் அந்த அலுவலகத்தில் எங்கள் பழைய எல்லைப் படத்தை ஸ்கேன் செய்து செயற்கைக்கோள் படத்தின்மேல் போட்டார்கள். போட்டதும் எங்கள் ஊரின் ஒரே ஊற்று, தெற்கே இருக்கும் சூனிபாட்டா ஊருக்குப் போய்விட்டது! எங்களுக்கும் கம்பளிக்காக நாங்கள் வளர்க்கும் அல்பாக்காக்களுக்கும் அதைவிட்டால் வேறு தண்ணீர் கிடையாது. வருடா வருடம் சோளக் கள் குடித்து, மேளமடித்து எல்லைக்கற்களைச் சுற்றி வருகிறவர்கள் நாங்கள்; கற்கள் எப்போதும் ஊற்றுக்குத் தெற்கேதான் நிற்கின்றன.

"ராத்திரியோட ராத்திரியா கல்லை நகத்திட்டீங்கடா" என்றார் சூனிபாட்டா தலைவர் எபிபானியோ; மரியாதைக்கு டோன் எபிபானியோ என்போம்.

எங்கள் ஊர் சார்பில் நான் போயிருந்த சமரசக் கூட்டத்தில் மெலானியா கணினியை எங்கள் பக்கம் திருப்பினாள். பழைய படத்தில் மாதா கோயில் நின்ற இடம், செயற்கைக்கோள் படத்தில் உருளைக்கிழங்கு வயல். பாலம், ஆற்று வளைவு எல்லாமே அதே அளவு வடகிழக்கே தள்ளி நின்றன.

"கல்லை நகத்தினாங்க, சரி. கோயிலையுமா தூக்கிட்டு ஓடினாங்க?"

கூட்டம் சிரித்தது. எபிபானியோ சிரிக்கவில்லை. "கம்ப்யூட்டரே எங்களுதுன்னு சொல்லுது. அப்புறம் என்ன இன்ஜினியரம்மா?"

"அதுக்குத் தப்பா சொன்னதே எங்க ஆளுங்கதான். அந்தக் காலத்து சர்வேக்காரங்க பூமியை அளந்த முறை வேற, சாட்டிலைட் அளக்குற முறை வேற. ஒரே எண்ணு ரெண்டுலயும் வேற வேற இடத்தைக் காட்டும். மாத்தாம அப்படியே ஏத்திட்டாங்க."

"அதெல்லாம் எனக்கு வேணாம்."

அவள் சோளத்தை வாயில் போட்டு மென்றாள். பிறகு படத்தின் கீழ்ப்பக்கம் போனாள்.

"அப்ப இந்தப் படமே இருக்கட்டும். உங்க தெக்கு எல்லையும் மேல ஏறியிருக்கு, பாருங்க. உங்க கல்லறைத் தோட்டம் இனி பக்கத்து ஊருக்காரங்களுது."

எபிபானியோ தொப்பியைக் கழற்றினார். போன மழைக்காலத்தில்தான் அவர் மனைவியை அங்கே புதைத்திருந்தார்கள்.

"சரி பண்ணும்மா" என்றார் மெதுவாக.

பழைய அளவைமுறை எதுவென்று கணினிக்குச் சொல்லி, மாற்றுக் கணக்கைக் கொடுத்தாள். படம் தென்மேற்கே இறங்கியது. கோயில் கோயிலின்மேல் உட்கார்ந்தது. ஊற்று எங்களிடம் திரும்பியது.

எபிபானியோ திரையில் கல்லறைத் தோட்டத்தைத் தேடி விரலை வைத்தார். அதை வெகுநேரம் எடுக்கவே இல்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஊத்து உங்களுதுதான். பஞ்ச காலத்துல எங்க அல்பாக்கா வந்தா விரட்டாதீங்க."

"வரட்டும், டோன் எபிபானியோ" என்றேன்.